பதினொரு விநாடிக் குலவை

பாகோஸ் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்தில், நான்காம் மாடியில் குடியிருக்கும் நஷ்வாவை அலெக்ஸாந்திரியாவின் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். ரொட்டிக்கடைக்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார். முதல் மாடி வீட்டம்மா, காதில் மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களிடம் போன் பேசுகிற வேலை என்று அடித்துச் சொல்வாள். பெண்கள் பள்ளியில் ஒன்பது வருஷம் சங்கீத டீச்சராக இருந்ததால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'அப்லா நஷ்வா', அதாவது நஷ்வா டீச்சர். அதற்கு மேல் யாரும் தலையைக் குடைந்துகொள்ளவில்லை.

அவள் வீட்டில் உட்கார்ந்து தனியாக இசை செய்கிறாள். ஒரு லேப்டாப், முழங்கை நீளக் கீபோர்டு, நல்ல மைக் ஒன்று, ஹெட்போன். மணவாழ்க்கை மூன்றே வருஷத்தில் முடிந்தபோது அவள் திருப்பி எடுத்துவந்த பெரிய சாமான் ஒரு மர அலமாரி. நான்கு பஞ்சு மெத்தைகளை அதன் உள்பக்கம் ஆணியடித்து, அதையே ஒலிப்பதிவு அறையாக்கி வைத்திருக்கிறாள். கல்யாணத்தால் கிடைத்த ஒரே உருப்படியான லாபம் அதுதான் என்று அவளே சொல்வாள்.

டிராம் வளைவில் திரும்பும்போது இரும்போடு இரும்பு உரசும் சத்தம், குளிர்காலப் புயலில் பால்கனித் தகரத்தில் விழும் மழை, காஸ் சிலிண்டர்காரன் சாவியால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு வரும் ஓசை, இவற்றையெல்லாம் பதிவு செய்து, மாவு இழுப்பதுபோல் இழுத்து நீட்டி, தாளமோ பாட்டோ இல்லாமல் அறைக்குள் மெல்லப் பரவி நிற்கும் ஆம்பியன்ட் இசையாக்குவாள். நார்வேயில் ஒரு பல் டாக்டர், பல் பிடுங்க வருகிறவர்கள் பயப்படாமல் இருக்கட்டும் என்று பாகோஸ் டிராமைத்தான் தன் முன்னறையில் போட்டிருக்கிறாராம். கடிதம் எழுதியிருந்தார். இது தவிர, பழைய கல்யாணப் பாட்டுகளுக்குப் புதுத் தாளம் போட்டு ரீமிக்ஸ் செய்து தருவாள். சந்துக் கல்யாணங்களில் அவள் போட்ட தாளத்துக்கு அவள் முன்னாலேயே ஆடுவார்கள், யார் போட்டது என்று தெரியாமல். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. காது விஷயத்தில் தன்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அடக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஆனால் திரையில் தன் பெயர் தனியாக வரவேண்டும் என்ற ஆசை இருந்தது. குறும்படங்களில் பெயர் வந்திருக்கிறது. சமையல்காரர், டிரைவர் பெயர்களுக்கு நடுவில், எறும்பு அளவில். நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு முழுநீளப் படம் கைக்கு வந்தது. கெய்ரோவிலிருந்து ஷாதி என்ற இளம் டைரக்டர் அவளுடைய மழை இசையைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தான். 'இசை: நஷ்வா அல்-ஷாஸ்லி' என்று திரையில் தனி அட்டை போடுவதாகச் சொன்னான். ஐந்து மாதம் உழைத்து ஒரே ஒரு காட்சி தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். அந்த ஒரு காட்சிக்கு ஒரு சின்ன விஷயம் வேண்டும் என்றான். சினிமாக்காரர்கள் சின்ன விஷயம் என்றால் அடுத்தவர் உயிரை வாங்கும் விஷயம் என்று அர்த்தம்.

காட்சி இதுதான். கல்யாண வீடு, மேளம் அதிர்கிறது. திடீரென்று மேளம் நிற்கிறது. மணப்பெண்ணின் தாய் வாயருகே கையை வைத்து ஒரு குலவை எழுப்புகிறாள். பதினொரு விநாடி, ஒரே மூச்சில். அந்தக் குலவை முடியும் இடத்தில், அதே குரல் நீண்டு நீண்டு நஷ்வாவின் இசையாக மாறவேண்டும். மணப்பெண் வாசலைத் தாண்டிப் போகிற நான்கு நிமிஷமும் அதுவே அவளோடு நடக்கவேண்டும். நடிகைக்குக் குலவை வரவில்லை. வாயை மட்டும் அசைத்திருந்தாள். குரலை நஷ்வா கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பாகோஸில் யாரைக் கேட்டாலும் மூன்றாம் மாடி உம் நபீலைத்தான் காட்டுவார்கள். நபீலின் தாய், ஐம்பத்தெட்டு வயது, பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். அவள் குலவையிட்டால் டிராமில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். நஷ்வா கீழே போய்க் காட்சியைப் போனில் போட்டுக் காட்டினாள். மேளம் நிற்கும் இடத்தைக் காட்டினாள். உம் நபீல் இரண்டு தரம் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன், பூண்டு போட்ட எதையும் தின்னாமல் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஹாஜி பஸ்யூனி, பதினொன்று போதுமா, இவளை நிறுத்தச் சொல்ல ஆள் வேண்டுமே என்று சிரித்தார். முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் மனைவியின் குலவையைக் கைக்கடிகாரத்தில் பார்த்து, எத்தனை விநாடி என்று பக்கத்திலிருப்பவரிடம் பெருமை அடித்துக்கொள்ளும் மனிதர் அவர்.

திங்கட்கிழமை விடியற்காலை ஹாஜி பஸ்யூனி காலமானார். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர் செருப்பைத் தேடிக் குனிந்தார், நிமிரவில்லை. மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு நாற்பது நாள் ஆகும்வரை மற்ற வீடுகளில் பாட்டு கிடையாது, டிவிச் சத்தம் கதவைத் தாண்டாது, குலவை என்ற பேச்சே எழாது. யாரும் எழுதி ஒட்டியதில்லை, யாரும் மீறியதும் இல்லை. நஷ்வாவும் அழுதாள். ஹாஜி நல்ல மனிதர். அழுது முடித்த பிறகு படம் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை கெய்ரோவில் கடைசி ஒலிக்கலவை. அதற்குள் அந்தக் காட்சி போகாவிட்டால், வேறு ஒருவரிடம் தயாராக இருக்கும் இசையைப் போட்டுக்கொள்வதாகத் தயாரிப்பாளர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு காட்சிக்கு வேறு கை நுழைந்தால் தனி அட்டை போய்விடும்.

உம் நபீலிடம் இனி கேட்க முடியாது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய்க் குலவை கேட்கிற நாக்கு தனக்கு இல்லை என்று நஷ்வா முடிவு செய்தாள். தமன்ஹூரிலிருக்கும் சித்தி மகளுக்குப் போன் செய்து குலவையிடச் சொன்னாள். ஆறாவது விநாடியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பழைய தோழி ஒருத்தி எட்டு வரை போனாள், ஆனால் கல்யாண வீட்டுக் குரலாக இல்லை, பிள்ளையைத் தேடுகிற குரலாக இருந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் இணையத்தில் கிடைக்கும் குலவையை இறக்கினாள். சோப்பு விளம்பரம், செல்போன் விளம்பரம், ரமலான் தள்ளுபடி என எல்லா இடத்திலும் அடிபட்டுத் தேய்ந்த அதே குலவை. அதைக் காட்சியோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அந்த விபரீதம் நடந்தது.

புதன்கிழமை பிற்பகல். துக்கத்தின் மூன்றாம் நாள். கீழே மூன்றாம் மாடியில் ஓதுகிறவர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட திறப்பு வழியாக அவர் குரல் எல்லா அடுக்களைக்குள்ளும் கேட்டது. நஷ்வா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரொம்பக் கவனமாகத்தான் வேலை செய்தாள். வேலைதானே, கொண்டாட்டமா என்ற தைரியம் வேறு. குறிப்பு எழுதப் பென்சிலைத் தேடி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சக்கரத்தில் சிக்கி ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டது. ஜன்னலோரம் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. கல்யாண மேளம். அது நின்றதும் விளம்பரக் குலவை, முழுக் குரலில்.

அவள் பாய்ந்து நிறுத்துவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கீழே ஓதுகிற குரல் நின்றது. பிறகு எல்லா மாடிகளிலும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. முதல் மாடி வீட்டம்மாவுக்கு அன்றைக்குத்தான் நஷ்வாவின் தொழில் என்னவென்று புரிந்தது.

மறுநாள் காலை கறுப்பு உடுத்தி, ஒரு பொட்டலம் காபித்தூளோடு கீழே போனாள். போகாமல் ஒளிந்துகொள்கிறவள் அல்ல அவள். மகன் நபீல் கதவைத் திறந்தான். முகத்தில் சிவப்பு இருந்தது, குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"வாங்க அப்லா. நாங்க ஒண்ணும் சொல்லப்போறதில்ல. உங்களுக்கே தெரியும்."

உள்ளே பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து சர்க்கரை போடாத காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நஷ்வா உம் நபீலின் முன்னால் முழங்காலிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, வயர் பிடுங்கிய கதையை மறைக்காமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். ஒரு பெண் உதட்டைப் பிதுக்கினாள். இன்னொருத்தி, படித்தவர்கள் செய்கிற காரியமா என்று காபிக் கோப்பையிடம் கேட்டாள். உம் நபீல் நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது கண் சுருங்கிப் போயிருந்தது.

"அந்தக் குலவை யாருது?" என்றாள்.

"யாருதோ தெரியல. கம்ப்யூட்டர்ல கிடைச்சது."

"கோழி விரட்டற மாதிரி இருந்துச்சு."

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிப்பா அதிர்ச்சியா என்று நஷ்வா பார்க்கவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்து, அந்தக் குலவையைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்தாள். ஷாதிக்குப் போன் செய்து இன்னும் கிடைக்கவில்லை என்று சொன்னாள். மரியாதைக்கு அவளை உஸ்தாதா என்றே அழைக்கும் அவன், பரவாயில்லை உஸ்தாதா, தயாரிப்பாளர் வேறு இசையைக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றான். அந்தப் 'பரவாயில்லை' அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். நபீல் தகப்பனாரின் பென்ஷன் காகிதங்களோடு ஆபீசுக்குப் போயிருந்தான். நஷ்வாவின் கதவு தட்டப்பட்டது. திறந்தால், தலையிலிருந்து கால்வரை கறுப்பில், படியேறிய மூச்சோடு உம் நபீல் நின்றாள்.

"நீங்க வெளியில வரக்கூடாதே," என்றாள் நஷ்வா. புருஷன் இறந்து நாலு மாதம் பத்து நாள் ஆகும்வரை வீட்டோடு இருக்கவேண்டியவள்.

"கட்டடத்து வாசலைத் தாண்டினேனா? ஒரு மாடி ஏறியிருக்கேன், அவ்வளவுதான். கதவைச் சாத்து." உள்ளே வந்து உட்கார்ந்தாள். "போன செவ்வாக்கிழமை வர்றதாச் சொன்னேன். அவர் பக்கத்துல இருந்து கேட்டாரு. சொன்ன சொல்லை இடுப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டுத் துக்கம் காக்க என்னால ஆகாது."

நஷ்வா வேண்டாம் என்றாள். படத்தைவிட நீங்கள் முக்கியம், தெரிந்தால் உங்களைக் கிழித்துப் போடுவார்கள் என்றாள். அவள் மனதார அப்படித்தான் சொன்னாள். மனதின் இன்னொரு மூலையில் மைக்கை எந்த உயரத்தில் வைப்பது என்ற கணக்கும் ஓடியது; அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். உம் நபீல் எதையும் காதில் வாங்கவில்லை. அலமாரியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள்.

"சத்தம் வெளிய போகுமா?"

"உள்ள சேவல் கூவினாலும் வெளிய தெரியாது."

"உன் வாய் ஜம்பத்தை நான் நம்ப மாட்டேன். நீ உள்ள போய்க் கத்து. நான் படியில நின்னு கேக்கறேன்."

நஷ்வா அலமாரிக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, தக்காளி வண்டிக்காரன் கூவுவதை நரம்பு புடைக்க மூன்று தரம் கூவினாள். தொண்டை எரிந்தது. சற்று நேரத்தில் கதவு திறந்தது. உம் நபீல் பொறுமையிழந்து நின்றாள்.

"கத்த ஆரம்பிக்கப் போறியா இல்லையா?"

நார்வே டாக்டரின் கடிதம்கூட நஷ்வாவுக்கு இவ்வளவு பெருமையைத் தந்ததில்லை.

பிறகு உம் நபீல் உள்ளே போனாள். அவ்வளவு பெரிய சரீரம் நான்கு மெத்தைகளுக்கு நடுவில் சாமான் திணித்ததுபோல் நின்றது. காதில் ஹெட்போன், கண்ணுக்கு எதிரே போனில் காட்சி. மேளம் நின்றது. அவள் எழுப்பினாள். நஷ்வா வெளியே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இன்னொரு ஹெட்போனில் கேட்டாள். ஒன்பது விநாடி. அருமையாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து, போதும் என்றாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "இது யாருக்குப் போதும்? அவர் கேட்டிருந்தா முகத்தைச் சுளிச்சிருப்பாரு. மறுபடி போடு."

இரண்டாவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தரம் குலவை கீழேயிருந்து கிளம்பியது, நடுவில் விரிந்தது, உச்சிக்குப் போய் அங்கேயே நின்று சுழன்றது. திரையில் எண்கள் ஓடின. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. முடிந்தது. முடிந்த பிறகு ஒரு மூச்சு. உள்ளே இழுத்தது, பாதியில் தடுக்கி, மறுபடி இழுத்தது. அவ்வளவுதான். நஷ்வாவுக்குக் கண்ணீர் தானாக வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

உம் நபீல் வெளியே வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கேட்டுப் பார்க்கிறீர்களா என்றதற்கு வேண்டாம் என்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஆண்கள் திரும்புவதற்குள் கீழே போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியில் நிற்கும்வரை நஷ்வா கதவருகே நின்றாள்.

அன்று பிற்பகலும் மறுநாள் முழுவதும் நஷ்வா எழுந்து சமைக்கக்கூட இல்லை. அந்தப் பதினொரு விநாடியை இழுத்து நீட்டினாள். குலவையின் உச்சி அகன்று அறை முழுக்க நின்றது. ஆனால் எதைச் செய்தும் வாசல் தாண்டும் இடத்தில் இசை நடக்க மறுத்தது. கடைசியில் அந்தத் தடுக்கிய மூச்சை எடுத்து நீட்டிப் பார்த்தாள். கரைக்கு வந்த கடல் பின்வாங்குகிற சத்தம்போல் வந்தது. மணப்பெண்ணின் கால் அதன்மேல் தானாகப் போய் விழுந்தது. இதுதான், இதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது என்று அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். புதன் மாலை அனுப்பிவைத்தாள்.

வியாழன் காலை ஷாதி கூப்பிட்டான். குலவை அபாரம், இப்படிக் கேட்டதே இல்லை, யார் அந்த அம்மா என்றான். சொல்ல முடியாது என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"ஒரே ஒரு சின்ன விஷயம் உஸ்தாதா. முடிவுல ஒரு மூச்சு வருது பாருங்க, ஏதோ விம்மற மாதிரி. தயாரிப்பாளர் அது குறைபாடா தெரியுதுங்கறாரு. கல்யாண சீன்ல துக்கம் எதுக்குன்னு கேக்கறாரு. அதை மட்டும் வெட்டிடலாமா?"

நஷ்வா ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பதினேழு தரம் மாற்றிக் கொடுத்தவள். கேட்ட இடத்தில் வெட்டியிருக்கிறாள், சொன்ன இடத்தில் ஒட்டியிருக்கிறாள். திரையில் தன் பெயர் மட்டும் நிற்கும் அந்த அட்டையை ஐந்து மாதமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் பதில் சொல்ல அவளுக்கு ஒரு நொடிதான் பிடித்தது.

"வெட்டிக்கங்க. அதோட சேத்து என் பேரையும் வெட்டிடுங்க."

"என்ன உஸ்தாதா இப்படிப் பேசறீங்க. ஒரு விநாடி மூச்சு."

"பொண்ணை வாசலுக்கு வெளிய அனுப்பற தாய் அது. அவ மூச்சு வாங்காம இருந்தாத்தான் குறைபாடு. உங்க தயாரிப்பாளர் வீட்டுல பொண்ணு இருந்தா, அவங்கம்மாவைக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. நான் மாத்த மாட்டேன்."

போன் அணைந்தது. போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு நாளில் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தாள். ஃபூல் பருப்பைச் சூடாக்கி, எலுமிச்சை பிழிந்து, நின்றபடியே ரொட்டியோடு சாப்பிட்டாள். பயம் இருந்தது. செய்தது சரி என்பதில் சந்தேகம் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. தயாரிப்பாளர் பெரிய ஸ்பீக்கரில் போட்டு மூன்று தரம் கேட்டாராம். மூச்சு இருக்கட்டும், அட்டையும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தான் ஷாதி. ஈரக்கையோடு அதை நான்கு தரம் படித்தாள்.

நாற்பதாம் நாள் கழிந்தது. இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் தாய் ஒரு தட்டு இனிப்போடு மூன்றாம் மாடிக்கு வந்து, துக்க வீட்டாரிடம் அனுமதி கேட்டாள். துக்க வீட்டுப் பெண் தன் வாசலில் நின்று முதல் குலவையை எழுப்பிக் கொடுத்தால்தான் கட்டடம் மறுபடி சிரிக்கலாம். படி முழுக்கப் பெண்கள் கூடிவிட்டார்கள். நஷ்வா உம் நபீலுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

உம் நபீல் கையை வாயருகே கொண்டுபோனாள். குலவை எழும்பியது. நான்கு விநாடி. நடுங்கி அடங்கிவிட்டது. பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். முதல் மாடி வீட்டம்மா நஷ்வாவின் காதருகே வந்து பெருமூச்சு விட்டாள்.

"பாவம். அந்த மனுஷனோட அவ குரலும் போயிடுச்சு."

எல்லோரும் இனிப்புத் தட்டைப் பின்தொடர்ந்து கீழே இறங்கினார்கள். கதவருகே இரண்டுபேர் மட்டும் மிஞ்சினார்கள். நஷ்வாவுக்கு மனசு தாங்கவில்லை.

"ஏன் நாலுல நிறுத்திட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

உம் நபீல் படியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நஷ்வாவின் கையை வலிக்கும்படி கிள்ளினாள்.

"கறுப்பு உடுத்தினவ இதுக்கு மேல நீட்டினா நல்லா இருக்காது. முழுசா இருக்கறதை அவருக்காக உன் அலமாரிக்குள்ள விட்டுட்டேனே, அது போதும்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.